சபத்தீனோ இத்தாலியை ஒன்றுசேர்த்த விதம்

"கோதுமையில பாதி முதலாளிக்கு. எண்ணெயில பாதி, திராட்சை ரசத்துல பாதி, எடுத்துக்கட்டும். இந்த மண்டைக்குள்ள இருக்கிறதுல மட்டும் குன்றிமணி அளவுகூடக் கிடையாது! இது முழுக்க என்னுது!"

டஸ்கனியில், சியேனா நகருக்கு வடக்கே ஒரு மதுக்கடையில், பாதி வாரத்துக்குப் பண்ணை உழும் சபத்தீனோ மேசையைக் குத்தி இப்படி முழங்கியது 1860 மார்ச் முதல் வாரத்தில். டஸ்கனி தனி நாடாகவே இருப்பதா, வடக்கத்தி ராஜாவோடு சேர்ந்து இத்தாலி ஆவதா என்று அடுத்த வாரம் ஆண்கள் எல்லாரும் வாக்குச் சீட்டுப் போட வேண்டும். தான் போடுவது 'தனி நாடு'தான் என்று அவர் சத்தியம் செய்திருந்தார்.

டஸ்கனிமேல் அவருக்குப் பெரிய காதல் ஒன்றும் இல்லை. அதற்கு வரி கட்டிய பழக்கம் உண்டு, அவ்வளவே. விஷயம் மகன் வான்னி. முந்தின வருஷம் மூவர்ணத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இத்தாலியை ஒன்றுசேர்க்கக் கிளம்பியவன், எதிரியின் முதுகைக்கூடப் பார்க்காமல் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தான். செய்தி வந்தபோது சபத்தீனோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காட்டி முடித்தார். அப்புறம் அழுதாரா என்று ஊருக்குத் தெரியாது, அவருக்கும் நினைவில்லை.

சீட்டுப் போடுவதற்கு முதல் நாள் பண்ணைக் காரியஸ்தர் நெரி வந்தார். கையில் 'ஐக்கியம்' என்று அச்சடித்த வாக்குச் சீட்டுகளின் கட்டு. மற்றச் சீட்டைக் கொண்டுவர மறந்துவிட்டாராம். பெரிய மனிதர்களின் மறதிக்கு எப்போதும் ஓர் ஒழுங்கு உண்டு.

"நாளைக்கு ஊர்வலத்துல நீதான்யா முன்னாடி. தியாகியைப் பெத்தவன்! கொடி உன் கையில."

"கொடி வேண்டாங்க."

"ஏன், கனக்குமோ? நவம்பர்ல இந்தப் பண்ணைய யாருக்கு விடுறதுன்னு முதலாளி முடிவு பண்ணுவாரு. அது இன்னும் கனக்கும்."

அடுப்படியிலிருந்து மனைவி ஜெல்சொமினா குரல் கொடுத்தாள்: "இவரு சிங்கமெல்லாம் மதுக்கடையிலதாங்க ஐயா. எங்களுக்கு வேற போக்கிடம் ஏது? பிடிப்பாரு."

நெரி ஒரு சீட்டைச் சபத்தீனோவின் தொப்பி நாடாவில் செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தனை தொப்பிகளிலும் அதே சீட்டு. ரகசிய வாக்கெடுப்பு அல்லவா, தலைக்கு மேலேயே வைத்திருந்தார்கள். வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ள, சபத்தீனோ கொடியோடு முன்னால் நடந்தார். அவர் சட்டைக்குள் வேறொரு சீட்டு இருந்தது. 'தனி நாடு'. பாவமன்னிப்புக் கூண்டின் கம்பி வழியாக, வடக்கத்தி ராஜாவைப் பிடிக்காத பாதிரியார் நீட்டியது.

வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். "வான்னி இருந்திருந்தா இன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்!" என்றார்.

சபத்தீனோ யோசித்துப் பார்த்தார். படுபாவி, சந்தோஷப்பட்டிருப்பான்தான். அந்த நினைப்புக்கும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. சட்டைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது. தொப்பிக்குப் போனது. பிறகு பெட்டிக்கு.

வெளியே நெரி ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"எதைய்யா போட்டே?"

"நீங்க குடுத்ததத்தாங்க."