ஒரே இடத்தில் இரண்டு பதிவுகள்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தேன். எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பதிய இரண்டு பெண்கள். மூத்தவரை அக்கா என்பேன். புக்கிட் மேராவிலிருந்து பஸ்ஸில் வருவார்.

திடீரென்று சில பதிவுகள் கெட்டுப்போக ஆரம்பித்தன. தேயிலைப் பெட்டிகளின் பதிவைத் திறந்தால், பாதிக்குப் பிறகு பெயிண்ட் டின்களின் விவரம் இருக்கும். கெட்டவற்றில் பல அக்கா பதிந்தவை. நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, டைப்பிங் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அக்கா என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் தனியா அடிக்கிற நாள்ல ஒண்ணும் ஆகிறதில்லம்மா. அந்தப் பொண்ணும் சேர்ந்து அடிக்கிற அன்னைக்குத்தான் வருது. அதப் பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் இருவரையும் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் சேமிக்கும் பட்டனை அழுத்தச் சொன்னேன். பலமுறை சரியாகவே வந்தது. எனக்கே சலித்த நேரத்தில் ஒரு பதிவு கெட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

கோப்புகளை டிஸ்க்கில் வைக்கும் புரோகிராம் எங்கள் அலுவலகத்திலேயே எழுதியது. முதலில் அது காலி இடம் தேடும். கிடைத்ததும், அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது என்று குறிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நொடித்துளியில் இன்னொருவரும் சேமித்தால், அவருக்கும் அதே இடம் காலியாகத் தெரியும். இரண்டு பேரின் பதிவும் ஒரே இடத்தில் விழும்.

குறிக்கும் வேலையை மட்டும் ஒரு நேரத்தில் ஒருவரே செய்யும்படி புரோகிராமில் ஒரு பூட்டுப் போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கெட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. தேடுவதற்கு முன்பே பூட்டி, குறித்த பிறகே திறக்க வேண்டும்; அதுவரை அடுத்தவர் காத்திருக்கட்டும். அப்படி மாற்றிய பின் ஒரு பதிவும் கெடவில்லை.

மேனேஜரிடம், தவறு புரோகிராமில், சரியாகப் பார்க்காதது நான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதை அக்காவிடம் போய்ச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

"சரி லா. ஆனா முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார். பிறகு திரும்பி டைப் செய்ய ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு எந்தப் பிழை வந்தாலும், புரோகிராமைத் திறப்பதற்கு முன் அதில் வேலை செய்கிறவர்களிடம் போய் உட்காருவேன். அக்கா என்னிடம் பழையபடி பேசச் சில மாதங்கள் ஆயின.