ஸ்கோர் புத்தகத்தில் மூன்று ஓவர்

ஜெர்மனியில் எங்கள் ஊரான ஹம் நகருக்குத் திரும்பும் ரயிலில் எங்கள் கிரிக்கெட் அணியின் ஒன்பது பேரும் ஸ்கோர் எழுதும் அண்ணையும் இருந்தோம். கப்டனும் அவருடைய தங்கையின் கணவரும் இல்லை, காரில் போயிருந்தார்கள். இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை எங்கள் வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுக்காமல், அந்த மச்சானுக்குக் கொடுத்தார் கப்டன். கடைசிப் பந்தில் எதிரணி ஓடிய ஒற்றை ஓட்டத்தால் தோற்றோம்.

“சீதனத்தில மிச்சம் இருந்ததோ, கடைசி ஓவரைக் குடுத்தவர்?” என்றான் விக்கெட் கீப்பர். “இண்டைக்கே கப்டனை மாத்துவம்!”

அண்ணை தடித்த கண்ணாடிக்காரர். ஒவ்வொரு ஓவரையும் விரல் வைத்து இரண்டு முறை எண்ணி, இரண்டு டிக் போடுவார்.

“கப்டனில பிழையில்லை தம்பி. வேகமாப் போடுறவருக்கு, ஒராளுக்குரிய நாலு ஓவரும் முடிஞ்சுதெண்டு சொன்னது நான். பிழையா எண்ணிப்போட்டன்,” என்றார்.

பேச்சு அடங்கியது. கப்டன் தப்பினார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், எழுதியிருப்பதைத்தான் நம்புவேன். அவர் மடியில் திறந்திருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். வேகப்பந்து வீச்சாளருக்கு மூன்றே ஓவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிக். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். காரில் ஏறுமுன் கப்டன் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது.

அண்ணை என்னைப் பார்த்தபடியே புத்தகத்தை மூடினார். அதன்பின் அவர் மைதானத்துக்கு வரவில்லை. கப்டன் கேட்டதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாரா, தானாகவே சொன்னாரா, தெரியாது. அந்த ஆட்டத்தில் எங்களுக்குப் போனது ஒரு ஓட்டமும் ஒரு மனிதரும்.