சாத்திய கதவுக்கு வெளியே கேட்டது

நீதிமன்றச் செய்தியாளனாக என் வேலைநாட்களில் பாதி வராந்தா பெஞ்சில் கழிந்திருக்கிறது. கதவைச் சாத்தி விசாரிக்கும் வழக்குகளில் நிருபருக்கு உள்ளே இடமில்லை.

அன்று வந்தது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு நெசவாளரின் மகள் வழக்கு. மனைவிக்கு மனநோய், விவாகரத்து வேண்டும் என்று கணவன் மனு போட்டிருந்தான். வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று, மூடிய அறையில் விசாரிக்கும்படி கேட்டவர் அவளுடைய அப்பா. நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்கை அழைக்கும் முறை மட்டும் மாறவில்லை. டவாலி வாசலுக்கு வந்து, அவள் பெயரை வராந்தா முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை கூவினார். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

சுவர்த் தகராறு ஒன்றுக்காக எங்கள் தெருக்காரர்கள் இருவர் அங்கே காத்திருந்தார்கள்.

"நம்ம தெரு பொண்ணுபா. உள்ள என்னா சினிமாவா காட்டறாங்க, கதவ சாத்திக்கினு?"

"நீ உன் சுவத்த பாரு. அதுவே சாஞ்சிக்கினு இருக்குது."

கணவனின் வக்கீலுக்குக் கணீர் குரல். "பைத்தியம்" என்ற சொல் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் சொன்ன பதில் ஒன்றும் வெளியே வரவில்லை. எப்போதுமே மெல்லப் பேசுகிறவள் அவள்.

சில மாதங்களில் மனு தள்ளுபடியானது. அவளுக்கு எந்த நோயும் இல்லை என்றது தீர்ப்பு. அதற்குள் அந்த ஒரு சொல் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். அவளும் கூட வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு வரி போடுங்க சார். எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு."

"மூடின அறையில நடந்த கேஸுங்க. கோர்ட்டு அனுமதி இல்லாம நான் எழுத முடியாது."

"கதவ சாத்தச் சொன்னதே நாங்கதான சார். இப்ப நாங்களே தொறக்கச் சொன்னா?"

அனுமதி கேட்டுப் பார்க்கலாம், அல்லது தீர்ப்பு நகலைத் தெரிந்தவர்களிடம் அவரே காட்டலாம் என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"காட்டலாம்பா," என்றாள் அவள். "கொழந்த தங்காம போனதும் அதுலதான இருக்குது. அதையும் சேத்து படிப்பாங்க."

வயிற்றில் இருந்த குழந்தையை இழந்தபின் பல வாரங்கள் அவள் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறாள். அதைத்தான் கணவன் வீட்டார் நோய் என்றார்கள். நீதிபதி துக்கம் என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு குழந்தை உண்டானதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

"வேணாம் சார், விடுங்க," என்றார் அப்பா. நான் எதுவும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் காலையில் பட்டு நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபுறமும் நின்று அறுந்த இழைகளைச் சேர்த்து முடிவார்கள். போன வாரம் அவளும் வந்து ஓர் இழையைக் கையில் எடுத்தாள். பக்கத்து வீட்டு அம்மா அதை மெதுவாக அவள் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போயி உக்காருமா. உனக்கு எதுக்கு இந்த செரமம்?"

அன்பாகத்தான் சொன்னார். மற்றவர்கள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.