நாலிலேயே நின்ற பெட்டி

“...நாலுன்னு இருந்துச்சு, நாலுன்னு எழுதுனேன். பெட்டியில நாலைப் பாத்துட்டு நோட்டுல ஏழரைன்னு எழுதவா சொல்றீக?”

பேச்சின் முன்பாதியை அந்த அக்கா சைக்கிளை நிறுத்தும்போதே தொடங்கியிருக்க வேண்டும். பட்டறைக்குள் மின்விசிறிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த இடத்திலிருந்துதான் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறார், கையில் ஹேண்டில்பார், முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு.

அவர் மானகிரிக்காரர். தகப்பனார் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காரைக்குடிக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் ஏழெட்டு வருஷமாக வேலை. சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் காலையும் மாலையும் கேன்களில் கொண்டுவரும் பாலைப் பெரிய எஃகுத் தொட்டியில் ஊற்றி நாலு டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். டேங்கர் லாரி வந்து எடுத்துப் போகும்வரை, அரை மணிக்கு ஒரு தடவை பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது அக்காவின் பொறுப்பு.

முந்தின நாள் நடந்தது இது. மதியம் வரவேண்டிய டேங்கர் சாயங்காலம் வந்திருக்கிறது. லாரிக்காரர் வழக்கம்போல ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சிப் பார்த்தார். திரிந்துவிட்டது. தொட்டிப் பால் முழுக்கச் சாக்கடைக்குப் போயிற்று. நோட்டை எடுத்துப் பார்த்தால் காலை பத்தரையிலிருந்து ஐந்து மணிவரை வரிசையாக நாலு, நாலு, நாலு. மாலைப் பால் ஊற்ற வந்து நின்ற அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர், “உக்காந்த இடத்துல இருந்து பொய்யா எழுதியிருக்கா, இனி நீ வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

“வேலை போனது கூடக் கெடக்கட்டும் தம்பி. பொய்யின்னுட்டாரே. அதுவும் பால்காரவுக அம்புட்டுப் பேரு முன்னாடி. எங்க அப்பாகிட்ட படிச்சவுக பாதிப்பேரு அதுல. நான் எந்த மூஞ்சியோட அந்தத் தெருவுல நடப்பேன்?”

அக்கா பார்த்து எழுதிய அந்தப் பெட்டி எங்கள் பட்டறையில் செய்தது. அதில் ஓடிய ப்ரோக்ராம் நான் எழுதியது. அதை மாட்டிய அன்று, “அக்கா, இனிமே தொட்டி மூடியைத் தெறந்து தெர்மாமீட்டரை முக்க வேண்டாம். மூடியைத் தெறந்தா சூடு உள்ள போகும். இதுல என்ன காட்டுதோ அதை எழுதுனாப் போதும்” என்று சொன்னதும் நான்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் முதலாளி செட்டியார் வீட்டுப் பிள்ளை. உறவுக்காரர்கள் எல்லாம் கடை, வியாபாரம் என்று போக, இவர் மட்டும் பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்டார். நான் பத்தாவதோடு நின்று டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். ப்ரோக்ராம் எழுதுவதை ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொண்டேன். ‘கேட்டவன் கெட்டான், கிண்டிப் பார்த்தவன் கற்றான்’ என்பார் முதலாளி. அவர் வீட்டுச் சொலவடையோ, அவரே கட்டியதோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டிகள் இரண்டு. ஒன்று தொட்டிக் கொட்டகையில், பாலின் சூட்டை அளக்கும். இன்னொன்று அக்காவின் அறையில், சிவப்பு எழுத்தில் எண்ணைக் காட்டும். நடுவில் ஒரு கேபிள். பெட்டிக்குள் சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று உண்டு. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு சிப்பில் அடங்கிவிடும். இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ள ஆளுக்கொரு சாக்கெட். பிளக்கைச் சொருகுகிற சாக்கெட் இல்லை, ப்ரோக்ராமுக்குள் இருக்கிற வாசல் அது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எதிராளி இருக்கிறானா என்று அவ்வப்போது குரல் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் அந்த வாசலுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். நான் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொடாமலே ஓடியது, ஓடுகிற மாட்டுக்கு எதற்குத் தார்க்குச்சி என்று விட்டுவிட்டேன்.

அக்காவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு முதலாளியின் மொபெட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அங்கே எலெக்ட்ரீஷியன் ஒருவர் கம்ப்ரஸருக்குப் புது ஃப்யூஸ் போட்டு முடித்திருந்தார். பழையது எப்போது போயிற்று என்று கேட்டேன்.

“காலையில பத்தரைக்கு மேல கம்ப்ரஸர் சத்தமே கேக்கலைன்னு வாச்மேன் சொல்றாரு. பால்தான் குளுந்துருச்சே, தானா நின்னுருக்கும்னு நெனச்சுட்டாராம். அது சரி, ஒங்க பெட்டியும் இதே ஃப்யூஸ்லதான இருக்கு? யாரு இங்குட்டு லைன் எடுத்தது?”

நான்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று கம்ப்ரஸர் லைனிலிருந்தே கொட்டகைப் பெட்டிக்குக் கரண்ட் எடுத்திருந்தேன். குளிர வைக்கிற மிஷினும், குளிர் போனால் சொல்ல வேண்டிய பெட்டியும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தியிருக்கின்றன. பழைய தொட்டி, தகரக் கூரை, சித்திரை வெயில். பால் திரிய வேறென்ன வேண்டும்?

அது சரி, கொட்டகைப் பெட்டி செத்த பிறகு அறைப் பெட்டி எதற்கு நாலையே காட்டிக்கொண்டிருந்தது?

திரும்பி வந்து பட்டறையில் இருந்த இன்னொரு ஜோடிப் பெட்டியை மேஜையில் வைத்தேன். முதலாளியும் வந்து நின்றார். அனுப்புகிற பெட்டியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். காட்டுகிற பெட்டியில் எண் மறைந்து கோடு கோடாக வந்தது. நாங்கள் எப்போதும் சோதித்தது இப்படித்தான். மறுபடி ஓடவிட்டு, இந்தத் தடவை பிளக்கைப் படக்கென்று பிடுங்கினேன். எண் அசையவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். அப்போதும் அதே எண் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றது.

“இந்தா பாருங்க, இதைத்தான நானும் பாத்தேன்!” என்று அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை. “அக்கா, ஒரு பக்கம் பேச்சை முடிச்சுக்கிட்டா, போயிட்டு வாரேன்னு மறுபக்கத்துக்குச் சொல்லிட்டுத்தான் போகும். அதைக் கேட்டதும் இந்தப் பெட்டி கோடு போட்டுரும். பொத்தானை அழுத்துனா அப்படித்தான் நடக்குது.”

“கரண்டு போயிட்டா?”

“சொல்ல நேரமில்ல. இது பாட்டுக்கு அடுத்த எண்ணு வரும் வரும்னு காத்துக்கிட்டிருக்கும்.”

“செத்தவன் எங்க தம்பி சொல்லிக்கிட்டுப் போயிருக்கான்?” என்றார் அக்கா. “கேதம் கேக்கச் சாவு வீட்டுக்குப் போனவுகளே சொல்லாமத்தான் கெளம்பணும்ங்கிறாக. இது அந்த வீட்டுல இலையைப் போட்டு வச்சுக்கிட்டு, வருவாக வருவாகன்னு குந்தியிருக்கு.”

இத்தனை மாதம் இது எங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் எங்கள் பட்டறைப் பழக்கம். எந்த மிஷினையும் படக்கென்று பிடுங்கக் கூடாது, பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ‘வீட்டை விட்டுக் கெளம்புறப்ப, போறேன்னா சொல்றோம்? போயிட்டு வாரேன்னுதான சொல்றோம். மிஷினும் அப்படித்தான் கெளம்பணும்’ என்பார். அவர் வீட்டில் பால் வாங்கப் போகிறவர்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். ஆறு மாதமாக மரியாதையாக நிறுத்தியே சோதித்தோம். மரியாதை தெரியாத ஃப்யூஸைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை.

புத்தகத்தைப் புரட்டினேன். எதிராளி உயிரோடு இருக்கிறானா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் ஆப்ஷன் ஒன்று இருந்தது. அதைச் சேர்த்து சிப்பில் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எண் அப்படியே. அடிக்குறிப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது, முதல் குரல் கொடுக்கவே அது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன சிஸ்டத்தில் அந்த நேரத்தை மாற்றவும் வழியில்லை.

“ரெண்டு மணி நேரங் கழிச்சு வந்து யாரு வீட்டுலன்னு கேட்டா, சித்திரை மாசத்துப் பாலு தயிராயிருச்சுன்னுதான் பதில் வரும்” என்றார் அக்கா.

சரி, வேறு வழி. அனுப்புகிற பெட்டி ஐந்து நொடிக்கு ஒரு தடவை எண்ணை அனுப்புகிறது. முப்பது நொடி ஒன்றும் வரவில்லையென்றால் காத்திருப்பதை நிறுத்திவிடு என்று காட்டுகிற பெட்டியின் சாக்கெட்டுக்குச் சொல்லலாம். அதற்கும் ஆப்ஷன் இருந்தது. எழுதினேன். பழைய சிப்பை ஊதா விளக்கின் கீழே வைத்து, அதில் ஏற்றியிருந்ததை அழிக்க இருபது நிமிஷம், ஏற்ற ஐந்து நிமிஷம். பிடுங்கிப் பார்த்தால் அதே எண்தான் நிற்கிறது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போது முதலாளி கேட்டார்: “ஏப்பா, ஆப்ஷனை வையின்னு சொன்னியே, வச்சுட்டேன்னு அது பதில் சொல்லுச்சா?”

நான் பதிலை வாங்கிப் பார்த்ததே இல்லை. சொன்னால் செய்துவிடும் என்ற நினைப்பு. வாங்கிப் பார்த்தால் மைனஸ் ஒன்று, அதாவது முடியாது என்கிறது. முப்பது என்று வெறும் எண்ணாகக் கொடுத்திருந்தேன். நொடி ஒரு பாதி, நொடியின் துணுக்கு ஒரு பாதி என்று இரண்டும் சேர்ந்த ஜோடியாகத்தான் அது வாங்குமாம். அப்படியே கொடுத்தேன். மறுபடி ஊதா விளக்கு, மறுபடி இருபது நிமிஷம். பிளக்கைப் பிடுங்கியதும் அக்கா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் முப்பத்தொன்று என்று சொல்லும்போது எண் போய்க் கோடு வந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் வந்தது. பெட்டிக்கு கம்ப்ரஸர் லைனை விட்டுத் தனி லைன் எடுத்துவிடுவது என்றும் முடிவாயிற்று.

“சரி, புது சிப்பைக் கொண்டுபோய் மாட்டிட்டு வந்துரு” என்றார் முதலாளி.

“மேனேஜர் கேட்டா என்ன சொல்றதுண்ணே?”

சிவகங்கைப் பக்கம் இன்னும் இரண்டு நிலையத்தில் எங்கள் பெட்டியை வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தப்பு பெட்டியில் என்று எழுதிக் கொடுத்தால் அது அங்கேயும் போய்ச் சேரும். சிப்பை மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பொய் எழுதினார் என்ற பெயர் மட்டும் அக்காவிடமே தங்கிவிடும். இது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அக்கா பிடுங்கிய பிளக்கின் வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீயே எழுது, உள்ளது உள்ளபடி” என்றார் முதலாளி கடைசியில். “கையெழுத்து நான் போடுறேன். எளியவுக தலையில பழியைப் போட்டு வித்த சாமான் ஊரு போய்ச் சேராதும்பாக எங்க அப்பச்சி.”

எழுதினேன். ஃப்யூஸ் போனது, லைனை அந்த இடத்திலிருந்து எடுத்தது நான், பெட்டி கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது, மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதும் நான், எழுதியவர் தனக்குக் காட்டப்பட்டதைத்தான் எழுதினார். ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மூவரும் நிலையத்துக்குப் போனோம். மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பழைய சிப்போடு ஒரு தடவை, புதிய சிப்போடு ஒரு தடவை அவர் கண் முன்னால் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சரிம்மா, மெஷின் தப்புன்னா நீ என்ன பண்ணுவ. நாளையில இருந்து வந்துரு” என்று கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் போடப் போனார்.

“சார், அதை உள்ள வைக்காதீக” என்றார் அக்கா. “பொய்யின்னு நீங்க தனியாச் சொல்லலையே, பால்காரவுக முன்னாடிதான சொன்னீக? இதையும் அவுக முன்னாடியே படிச்சிருங்க.”

“அதெல்லாம் எதுக்கும்மா, தானாத் தெரிஞ்சுரும்.”

“பொய்யி தானாப் பரவும் சார். இதை யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும்.”

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலுக்கு வெளியே அங்குட்டு என்னவோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே முதல் சைக்கிள் மணி கேட்டது. மாலைப் பால் வர ஆரம்பித்துவிட்டது.

அக்கா யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். இரண்டு பக்கமும் கேன் தொங்க வந்த பெரியவரின் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, “செத்த இருங்கண்ணே, எல்லாரும் வந்துறட்டும். மேனேஜர் சார் ஒரு கடுதாசி படிப்பாக” என்று சொல்லி, சைக்கிளை ஓரமாகத் தள்ளி அவரே ஸ்டாண்ட் போட்டார்.