கத்திக்கு நான் சம்மதித்த நாள்

எங்கள் தோவாளை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். மார்பில் வந்த கட்டியை ஆறு மாதம் மறைத்தேன். அது என் தப்பு. தெரிந்ததும் என் கணவர், "கத்தி வச்சா பரவும் ஏட்டி. என் தங்கச்சி அப்படித்தானே போனா?" என்று தடுத்தார். மறுநாளே தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"கத்தி வச்சா பரவுமா?" என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"பொய் சொல்லமாட்டேன். ஆபரேஷன் செய்தா சில நாள் உடம்புக்கு நோயை எதிர்க்கத் திராணி இருக்காது. உள்ள கட்டி மிச்சமிருந்தா அப்ப வளரலாம். விட்டா, நிச்சயம் வளரும்."

"அப்ப வெட்டுங்கம்மா."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கணவர் வந்து நின்றார். "யாருகிட்ட கேட்டுட்டு வந்தே?"

"என் உடம்புக்கு யாருகிட்ட கேக்கணும்?"

அவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

மூன்று வருடமாயிற்று. இனி வராது என்று டாக்டரம்மா இன்றுவரை சொல்லவில்லை. உண்மையைக் கேட்டு நானே முடிவெடுத்தேன். எனக்கு அது போதும்.