இத்தனை பாசிட்டிவா?

"ஏனுங்க அம்மிணி, கொரோனாவுல ஒரே ஒரு பாசிட்டிவுக்கே எங்க வீதிய தகரம் வெச்சு அடைச்சாங்க. இதுல இத்தன பாசிட்டிவ் போட்டிருக்குதே... எங்கூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருங்களா?"

சென்ற வாரம் எங்கள் லேப் கவுன்ட்டரில் இப்படிக் கேட்டவர், சங்ககிரி லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. கையில் கணவரின் ரிப்போர்ட்.

அந்த டெஸ்ட்டை ஓட்டியவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் இயக்கும் மெஷின் — கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேனே!

டிரைவருக்கு மண்ணீரல் வீங்கி, ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்திருந்தன. பி-செல் லிம்போமா என்னும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. எந்த வகை? வழக்கமான வகையாக இருக்கும் என்று, மண்ணீரலை எடுக்க அன்று மதியமே ஆபரேஷன் குறித்தாகிவிட்டது. ரத்தம் இவ்வளவு குறைந்தவருக்கு அது சின்ன விஷயமா?

எங்கள் பேத்தாலஜி டாக்டர் மேடத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மைக்ராஸ்கோப்பில் இரண்டொரு செல்களின் ஓரம் பிசிறு பிசிறாகத் தெரிந்ததாம். "இன்னும் மூணு மார்க்கர் போட்டுப் பார்த்துடலாம்" என்றார் முந்தைய நாள்.

இந்த இம்யூனோபீனோடைப்பிங் இருக்கிறதே... அழகான வேலை! ஒவ்வொரு வகைச் செல்லின் மேற்பரப்பிலும் அதற்கே உரிய புரதங்கள் இருக்கும். அவைதான் மார்க்கர். அவற்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடியைக் கலந்து, லேசர் முன்னால் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிடுவோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை, 'நான் இன்னார்' என்று தாமே சொல்லிவிடும்.

மூன்று மார்க்கரும் பளிச்சென்று பாசிட்டிவ்!

மேடமே அந்த அக்காவை அழைத்துக்கொண்டு மாடி வார்டுக்கு ஏறினார். பின்னால் நான்.

"இங்க பாசிட்டிவ்னா பயப்படாதீங்க. அடையாளம் கிடைச்சிருச்சு, அவ்வளவுதான். இது அபூர்வமான வகை. ஹேரி செல்னு பேரு. செல்லுக்கு முடி முளைச்ச மாதிரி இருக்கும்."

அக்கா கணவரின் வழுக்கையைப் பார்த்தார். "மொளைக்க வேண்டிய எடத்த உட்டுப்போட்டு... ரத்தத்துல போயி மொளைச்சிருக்குதுங்க பாருங்க!"

வார்டே சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. "அப்ப ஆப்பரேசனுங்க?"

"வேண்டாங்க. சர்ஜன்கிட்ட பேசிட்டேன். இதுக்குன்னே மருந்து இருக்கு. ஒரு வாரம் போல ஏத்தினா, பெரும்பாலானவங்களுக்குப் பல வருஷம் அடங்கியிருக்கும்."

எல்லாம் தயாராக இருக்கும்போது 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல, படிப்போடு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மேடத்தை அண்ணாந்து பார்த்தேன்.

டிரைவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க டாக்டரம்மா... விடிஞ்சதுலருந்து பல்லுல பச்சத்தண்ணி படலைங்க. இப்ப ரெண்டு இட்லி தின்னுக்கலாமுங்களா?"

ஆறு தின்றார்!