ஆடிட் நாளில் நர்மதா

நர்மதா எதைப் பேசினாலும் முன்னால் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை வைத்துத்தான் ஆரம்பிப்பாள். ஆறு வருஷமாகக் கவனித்திருக்கிறேன். மெஷின் விஷயம் என்றால் 'டெக்னிக்கலி'. கம்பெனி சொல்வதைச் சொன்னால் 'அஃபீஷியலி'. தன் மனதில் பட்டதற்கு 'பர்சனலி'. கும்மிடிப்பூண்டியில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. அங்கே அவள் காண்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டினாள். நான் தரை துடைக்கிறேன்.

"இன்னாடி, பஸ்ஸு மாதிரி போர்டு மாட்டிகினு பேசுற?" என்று பக்கத்து மெஷின் வினோதா கிண்டல் செய்வாள்.

"எந்தப் பக்கம் நின்னுகினு பேசுறேன்னு தெரியணும்ல. பொதுவா சொன்னா நாளைக்கு நான்தான் மாட்டுவேன்."

பிரஸ்ஸில் ஒரு சென்சார் உண்டு. உள்ளே கை இருந்தால் மெஷின் இறங்காது. வேலை மெதுவாகிறது என்று அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். போன ஆடியில் வினோதாவுக்கு இரண்டு விரல் போனது அப்படித்தான்.

பொங்கல் கழிந்து வெளிநாட்டு ஆடிட்டர் வந்தார். ஆடிட் அன்று டேப்பை உரித்துவிட்டு, காண்ட்ராக்ட் பெண்களை வேனில் ஏற்றிப் பெரியபாளையம் கோயிலுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். இந்த முறை எச்.ஆர். அன்புராஜ் நர்மதாவை மட்டும் நிறுத்திக்கொண்டார். இங்கிலீஷில் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஒழுங்காகப் பேசினால் பர்மனென்ட் லெட்டர் தருவதாகச் சொன்னார். நர்மதாவின் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஆடிட்டர் சென்சாரைக் காட்டி, இது தினமும் வேலை செய்கிறதா என்று கேட்டார்.

"அஃபீஷியலி, எஸ் சார்." அன்புராஜ் தலையாட்டினார். அவள் நிறுத்தவில்லை. "பர்சனலி, நோ. ஒன்லி டுடே."

எட்டாவதுகூட முடிக்காத எனக்கே புரிந்துவிட்டது. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அன்புராஜின் தலை ஆடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்ததுபோல. ஆடிட்டர் பேனாவை எடுத்தார்.

பிறகு பாத்ரூமில் அவளைப் பிடித்தேன். "லெட்டரு போச்சேடி" என்றேன்.

"தெரியும்க்கா. மொத பதிலோட நிறுத்திக்கலாம்னுதான் போனேன். அந்த ஆடிட்டரு பிரஸ்ஸுக்குள்ள கைய வெச்சிக் காட்டுனாரு. வினோதா வெச்ச அதே எடம்."

குழாயை மூடாமல் கை கழுவிக்கொண்டே இருந்தாள்.

லெட்டர் வரவில்லை. மறுமாதம் காண்ட்ராக்டும் முடிந்தது. இப்போது கவரைப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில், குறைந்த சம்பளத்துக்குப் பேக்கிங் செய்கிறாள். இங்கே நான்கு பிரஸ்ஸிலும் டேப் கிடையாது.